ரெண்டும் அச்சு அசல் ஒண்ணா, இல்ல சாயல் மட்டும்தானா? – கணக்கு கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல நிறைய சர்வசமம், வடிவொத்த உருவங்கள் பத்திதான். பசங்க மட்டும் கேட்டிருந்தா பரீட்சை நேரம்னு விட்டிருப்பேன், ஆனா போட்டோ பெரிசு பண்ணவங்க, விளக்கு வாங்கப் போனவங்க, மனை பாத்தவங்கன்னு எல்லாரும் வேற வேற வார்த்தையில அதே விஷயத்தைத்தான் கேட்டிருக்காங்க. அதனால எல்லாத்தையும் ஒரே இதழ்ல சேத்துட்டேன்.

கேள்வி: என் பொண்ணு எட்டாவது படிக்கறா. ஒரே அளவு ஒரே வடிவம்னா சர்வசமம், வடிவம் மட்டும் ஒண்ணா இருந்தா வடிவொத்ததுன்னு கேட்டா டக்குனு சொல்றா. ஆனா படத்தை திருப்பிப் போட்டு குடுத்தா குழம்பிடறா. கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி இருந்தாலும் சர்வசமம்தானா சார்?
– ஒரு அம்மா, மன்னார்குடி

ஆமாம்மா, சர்வசமம்தான். ஒரு உருவத்தை வெட்டி எடுத்து நகத்தலாம், சுத்தலாம், குப்புறக் கவுத்தும் போடலாம், கடைசியில இன்னொண்ணு மேல இம்மி பிசகாம உக்காந்துச்சுன்னா சர்வசமம், அவ்ளோதான்.

பக்கத்துல ப்ளவுஸ் தைக்கிறவங்க இருந்தா கை வெட்டும்போது பொண்ணைக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க. துணியை ரெண்டா மடிச்சு ஒரே வெட்டுல ரெண்டு கையையும் எடுப்பாங்க, விரிச்சுப் பாத்தா ஒண்ணு வலது ஒண்ணு இடது, ஒண்ணை கவுத்துப் போட்டா இன்னொண்ணு மேல சரியா உக்காரும். மடிக்காம ஒரே பக்கமா வச்சு ரெண்டு தடவை வெட்டிட்டா ரெண்டுமே ஒரே கைக்குத்தான் வரும், துணிக்கு நல்ல பக்கம் உள்பக்கம்னு இருக்கறதால கவுத்துப் போட்டு சமாளிக்க முடியாது. ஜியோமெட்ரியில தாளுக்கு அந்த மாதிரி உள்பக்கம் கிடையாது, கவுக்கலாம்.

பொண்ணு உண்மையில தடுமாறுறது எதோட எது சேருதுன்னு கண்டுபிடிக்கறதுலதான்னு நினைக்கறேன். முக்கோணம் ஏபிசி ≅ முக்கோணம் டிஈஎஃப்னு எழுதிட்டா ஏ போய் டி மேலயும், பி போய் ஈ மேலயும், சி போய் எஃப் மேலயும் உக்காருதுன்னு சொல்லிட்டோம்னு அர்த்தம். எழுத்து வரிசை மாறினா விடை தப்பு. படம் எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு பாக்கவே வேணாம், ரெண்டு படத்துலயும் மிகச்சின்ன பக்கம் எதுன்னு பாக்கச் சொல்லுங்க, அதுக்கு எதிர்ல இருக்கறதுதான் மிகச்சின்ன கோணம், அதே மாதிரி மிகப்பெரிய பக்கத்துக்கு எதிர்ல மிகப்பெரிய கோணம். இந்த ரெண்டையும் பிடிச்சுட்டா மூணாவது தானா வந்துடும்.

கேள்வி: சர்வசமத்துக்கு ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ (ப-ன்னா பக்கம், கோ-ன்னா கோணம்) எல்லாம் புரியுது. ப-ப-கோ மட்டும் ஏன் கூடாது? கேட்டா அது ரூல், மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்லிட்டாங்க.
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், பட்டுக்கோட்டை

தம்பி, இதை மனப்பாடம் பண்ணவே கூடாது, வரைஞ்சு பாக்கணும். காம்பஸ் எடு. ஏ-ங்கற புள்ளியில 30 டிகிரி கோணம் போடு. ஒரு கை மேல 10 செ.மீ. அளந்து பி-ன்னு குறி. இப்போ பிசி 6 செ.மீ. இருக்கணும், சி இன்னொரு கை மேல எங்கயோ இருக்கணும். காம்பஸை 6 செ.மீ. விரிச்சு பி-ல ஊனி வில்லு போடு.

வில்லு அந்தக் கையை ரெண்டு இடத்துல வெட்டும், பாரு. ஒண்ணு ஏ-ல இருந்து கிட்டத்தட்ட 5.3 செ.மீ. தூரத்துல, இன்னொண்ணு கிட்டத்தட்ட 12 செ.மீ. தூரத்துல. ரெண்டு முக்கோணத்துலயும் 10 செ.மீ. இருக்கு, 6 செ.மீ. இருக்கு, 30 டிகிரியும் இருக்கு, ஆனா ஒண்ணு குட்டை ஒண்ணு நெட்டை. ஏன்னா பி-ல இருந்து அந்தக் கைக்கு செங்குத்து தூரம் 5 செ.மீ.தான், உன் கிட்ட இருக்கற குச்சி 6 செ.மீ., அது செங்குத்துக்கு இந்தப் பக்கமும் சாயலாம் அந்தப் பக்கமும் சாயலாம். குச்சி சரியா 5 செ.மீ.யா இருந்தா ஒரே இடத்துலதான் தொடும், அங்க 90 டிகிரி வரும். 5-க்கும் குறைஞ்சா தொடவே தொடாது, முக்கோணமே கிடையாது.

அப்போ செ-க-ப (செங்கோணம், கர்ணம், பக்கம்) மட்டும் எப்படி ஒத்துக்கறாங்கன்னு அடுத்து கேப்ப, அதுவும் ரெண்டு பக்கம் ஒரு கோணம்தானே. அங்க கோணமே 90 டிகிரி. குச்சி ரெண்டு பக்கமும் சாயும்தான், ஆனா ரெண்டு முக்கோணமும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம், மேல மன்னார்குடி அம்மாவுக்கு சொன்ன மாதிரி கவுத்துப் போட்டா ஒண்ணேதான்.

எந்த விதியா இருந்தாலும் இப்படியே பாத்துக்கோ. நீ ஃபோன்ல மூணு அளவு சொல்ற, எதிர்ல இருக்கறவன் உன் படத்தைப் பாக்காம வரையறான், அவனால வேற முக்கோணம் வரையவே முடியாதுன்னா அந்த மூணு போதும். வேற ஒண்ணு வரைய வழி இருக்குன்னா போதாது.

கோ-ப-கோ எவ்ளோ பெரிய வேலை செஞ்சிருக்குன்னும் தெரிஞ்சுக்கோ. 1802 ஏப்ரல்ல வில்லியம் லாம்டன்ங்கற பிரிட்டிஷ் நில அளவையாளர் நம்ம சென்னை பரங்கிமலை பக்கத்துல சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டை சங்கிலி வச்சு அளந்தாரு. அதுக்கப்புறம் மலை உச்சி, கோயில் கோபுரம்னு ஏறி கோணம் அளக்கறதுதான் முக்கிய வேலை. ஒரு பக்கம் தெரியும், அதோட ரெண்டு முனையிலயும் கோணம் அளந்தாச்சு, அப்போ முக்கோணம் ஒண்ணே ஒண்ணுதான், மத்த ரெண்டு பக்கத்தையும் கணக்கு போட்டே எடுத்துடலாம், அந்தப் பக்கத்து மேல அடுத்த முக்கோணம், அதுமேல இன்னொண்ணு. இப்படி முக்கோணம் முக்கோணமா கோத்துக்கிட்டே போய் இந்தியா முழுக்க அளந்துட்டாங்க, எவரெஸ்ட் உயரம் வரைக்கும். தரையில சங்கிலி போட்டு அளந்த கோடுங்க மிகக் கொஞ்சம், எங்கயாவது சரிபாக்கறதுக்கு மட்டும்.

கேள்வி: ரெண்டு முக்கோணத்துல மூணு கோணமும் சமம், ரெண்டு பக்கமும் சமம். மொத்தம் ஆறுல அஞ்சு சமம். அப்போ கண்டிப்பா சர்வசமம்தானே?
– ஒரு வாசகர், ஓசூர்

இல்லைங்க! எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. ஒரு முக்கோணம் 8, 12, 18 செ.மீ., இன்னொண்ணு 12, 18, 27 செ.மீ. எட்டை ஒண்ணரையால பெருக்கினா 12, பன்னெண்டை பெருக்கினா 18, பதினெட்டை பெருக்கினா 27. விகிதம் எல்லாத்துலயும் ஒண்ணு, அதனால வடிவொத்தது, மூணு கோணமும் சமம். 12-ம் 18-ம் ரெண்டுலயும் இருக்கு. ஆனா ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு. அந்த 12 சின்னதுல நடுப் பக்கம், பெரிசுல மிகச்சின்னப் பக்கம், அதாவது சமமா இருக்கற பக்கங்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்த இடத்துல இல்ல. எத்தனை சமம்னு எண்ணறதை விட எதுக்கு எது சமம்னு பாக்கறதுதான் முக்கியம்.

கேள்வி: குடும்ப போட்டோ ஒண்ணு 4க்கு 6 சைஸ்ல இருந்துச்சு. பெரிசு பண்ணி 8க்கு 10 ஃப்ரேம் போடக் குடுத்தேன். ஓரத்துல நின்ன சித்தப்பாவையும் அந்தப் பக்கம் அத்தையையும் வெட்டிட்டாங்க. கேட்டா சைஸ் அப்படின்னு சொல்றாங்க. டபுள் பண்ணா முழுசா வரணும்தானே?
– ஒரு வாசகி, விருதுநகர்

டபுள் பண்ணா முழுசா வரும்தான், ஆனா 4க்கு 6-ஐ டபுள் பண்ணா 8க்கு 12, நீங்க கேட்டது 8க்கு 10. ரெண்டு அங்குலம் உக்கார இடமே இல்ல, அதனால அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணுன்னு வெட்டியிருக்காங்க, ஓரத்துல நின்னவங்க போயிட்டாங்க.

செவ்வகத்துல எல்லா கோணமும் 90 டிகிரிதான், இருந்தாலும் எல்லா செவ்வகமும் வடிவொத்தது இல்ல. நீளத்தை அகலத்தால வகுத்துப் பாருங்க, 6/4 ஒண்ணரை, 10/8 ஒண்ணேகால். ஒட்டாது. முழு படமும் வேணும்னு சொல்லியிருந்தா 10 அங்குல நீளத்துக்கு கிட்டத்தட்ட 6.7 அங்குல உயரம்தான் வந்திருக்கும், மேலயும் கீழயும் வெள்ளையா பட்டை விட்டிருப்பாங்க. சில இடத்துல வெட்டவும் மாட்டாங்க பட்டையும் விட மாட்டாங்க, இழுத்து நிரப்பிடுவாங்க, அப்போ அகலம் 1.67 மடங்கு உயரம் 2 மடங்குன்னு ஆகி எல்லாரும் நெட்டையா ஒல்லியா தெரிவாங்க. நெகட்டிவோ ஃபைலோ இருந்தா 8க்கு 12 இல்லைன்னா 12க்கு 18 போடச் சொல்லுங்க, ரெண்டுக்கும் விகிதம் ஒண்ணரைதான், சித்தப்பாவும் அத்தையும் முழுசா வருவாங்க.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஏ4-ஐ ஏ3 ஆக்க 141 சதவீதம்னு மெஷின்லயே இருக்கு. பேப்பர் டபுள்தானே, ஏன் 200 இல்ல? லீகல் பேப்பர்ல மட்டும் இது ஏன் செட் ஆக மாட்டேங்குது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

மெஷின்ல இருக்கறது நீளத்தோட கணக்கு, நீங்க சொல்ற டபுள் பரப்போட கணக்கு. வடிவொத்த உருவத்துல நீளம் எத்தனை மடங்கோ, பரப்பு அந்த மடங்கோட வர்க்கம். 1.41-ஐ 1.41-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 2. 200 போட்டீங்கன்னா பரப்பு நாலு மடங்கு ஆயிடும், ஏ2 வேணும் அதுக்கு.

ஏ4 210க்கு 297 மி.மீ. ரெண்டா மடிச்சா 148க்கு 210, ஏ5. ரெண்டு ஏ4-ஐ நீளப்பக்கம் ஒட்டி வச்சா 297க்கு 420, ஏ3. எதை எடுத்து நீளத்தை அகலத்தால வகுத்தாலும் 1.41 பக்கம்தான் வரும், அது ரூட் 2. பாதியா மடிச்சாலும் அதே வடிவம் கிடைக்கற செவ்வகம் அந்த விகிதத்துல மட்டும்தான் உண்டு. லிக்டன்பெர்க்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1786-லயே ஒரு கடிதத்துல இதை எழுதியிருக்காரு, 1922-ல ஜெர்மனி இதை தரமாவே ஆக்கிடுச்சு. ஏ0 தாள் சரியா ஒரு சதுர மீட்டர், அதுல இருந்து 16 ஏ4 வரும், அதனால நீங்க விக்கிற 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 ஒரு தாள் 5 கிராம். தராசுல 100 தாள் வச்சுப் பாருங்க, அரை கிலோ காட்டும்.

லீகல் 216க்கு 356, விகிதம் 1.65. பாதியா மடிச்சா 178க்கு 216, விகிதம் 1.21. மடிச்சதும் வடிவமே மாறிடுது, அதனாலதான் எந்த சதவீதம் போட்டாலும் ஓரம் மிஞ்சும் இல்ல வெட்டுப்படும்.

ஒண்ணு மட்டும் உங்க கஸ்டமர் கிட்ட சொல்லி வைங்க. நிலத்தோட புலப்படத்தை சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போய் அதுமேல ஸ்கேல் வச்சு அளக்கறாங்க. சுருக்கின படம் அசலுக்கு வடிவொத்ததுதான், கோணம் மாறாது, ஆனா படத்துல போட்டிருக்கற அளவுத்திட்டம் செல்லாது. 71 சதவீதத்துல எடுத்தா ஒவ்வொரு நீளமும் 71 சதவீதம்தான் காட்டும், பரப்பு பாதியா போயிடும். படத்துல எழுதியிருக்கற எண்ணைத்தான் படிக்கணும்.

கேள்வி: ஒரு கிரவுண்டுன்னா ஒரு கிரவுண்டுதானே, 40க்கு 60-ஆ இருந்தா என்ன 24க்கு 100-ஆ இருந்தா என்ன?
– ஒரு வாசகர், தாம்பரம்

பரப்பு ரெண்டும் 2400 சதுர அடிதான், ஆனா சர்வசமமும் இல்ல, வடிவொத்ததும் இல்ல. காம்பவுண்டு சுவர் முதல் மனைக்கு 200 அடி, ரெண்டாவதுக்கு 248 அடி. 24 அடி அகலத்துல பக்கவாட்டுல இடம் விட்டது போக வீட்டுக்கு என்ன மிஞ்சும்னு நீங்களே பாத்துக்கோங்க. விலை ஒண்ணா இருந்தா நான் 40க்கு 60-ஐத்தான் எடுப்பேன்.

கேள்வி: பித்தளை குத்துவிளக்கு ஒரு அடி உயரத்துக்கு ஒரு கிலோன்னாங்க. ரெண்டு அடி விளக்கு ரெண்டு கிலோ இருக்கும்னு காசு எடுத்துட்டுப் போனா அஞ்சரை கிலோ நிக்குது. ஏமாத்தறாங்களா?
– ஒரு வாசகி, காரைக்குடி

ஏமாத்தலை. ரெண்டு அடி விளக்கு உயரத்துல மட்டும் ரெண்டு மடங்கு இல்ல, தண்டு பருமன், தட்டு அகலம், பாதம் எல்லாம் சேந்துதான் பெரிசாகுது. சின்ன விளக்கு அச்சு அசலா எல்லா திசையிலயும் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா எடை 2 × 2 × 2, எட்டு கிலோ. பாலிஷ் போடற பரப்பு நாலு மடங்கு. உங்க விளக்கு அஞ்சரை கிலோன்னா அது சின்னதுக்கு வடிவொத்ததே இல்லைன்னு தராசே சொல்லிடுச்சு, தண்டை கொஞ்சம் ஒல்லியா வார்த்திருப்பாங்க இல்ல உள்ள குடைஞ்சிருப்பாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு தண்டோட சுற்றளவை நூல் வச்சு அளந்து பாருங்க, ரெண்டு மடங்குக்கு குறைவா இருந்தா ஒல்லியா வார்த்திருக்காங்க, சரியா ரெண்டு மடங்கு இருந்தா உள்ளதான் குடைஞ்சிருக்கணும்.

கலிலியோ 1638-ல எழுதின புத்தகத்துல இதே விஷயம்தான் வருது. மிருகத்தை அப்படியே பெரிசாக்கினா எடை நீளத்தோட கனத்துல, அதாவது மூணு தடவை பெருக்கின கணக்குல ஏறுது, எலும்போட தாங்குற பலம் வர்க்கத்துலதான் ஏறுது, அதனால பெரிய மிருகத்துக்கு எலும்பு இன்னும் தடிமனா இருந்தே ஆகணும். யானைக் காலையும் ஆட்டுக் காலையும் பாத்தாலே தெரியும், வடிவொத்தது கிடையாது.

கேள்வி: பத்தாவதுல கொடுத்த முக்கோணத்துக்கு 3/5 அளவுல வடிவொத்த முக்கோணம் வரையற கணக்கு. 3-ஐ சேக்கணுமா 5-ஐ சேக்கணுமான்னு எப்பவும் மாத்திடறேன். 7/4 வந்தா இன்னும் மோசம்.
– பத்தாம் வகுப்பு மாணவி, தேனி

எட்டு மார்க் கணக்கும்மா, விட்டுடாத. முக்கோணம் ஏபிசி, அடிப்பக்கம் பிசி. பி-ல இருந்து ஏ இல்லாத பக்கமா ஒரு குறுங்கோணத்துல கதிர் போடற, அதுல காம்பஸை மாத்தாம சமதூரத்துல அஞ்சு புள்ளி வைக்கற. அந்தக் கதிர்தான் உன்னோட ஸ்கேல். பிசி நீளம் ஏதோ 6.7 செ.மீ.ன்னு இருந்தா அதை அஞ்சா பிரிக்க கஷ்டம், அதனால சுலபமா அஞ்சா பிரிஞ்ச ஒரு கோட்டை பக்கத்துல போட்டு, இணைகோடு வழியா அந்தப் பிரிவை பிசி மேல இறக்கறோம்.

3/5-ன்னா பழைய முக்கோணம் அஞ்சு பங்கு, புதுசு மூணு பங்கு. பழைய புள்ளி சி-யோட பழைய எண்ணைத்தான் சேக்கணும், அதாவது கீழ இருக்கற எண், 5. அப்புறம் புது எண் 3 வழியா அதுக்கு இணையா ஒரு கோடு, அது பிசி-யை தொடற இடம் புது சி. அங்க இருந்து சிஏ-வுக்கு இணையா கோடு போட்டா பிஏ மேல புது ஏ கிடைக்கும். 7/4 வந்தா ஏழு புள்ளி வை, பழைய சி-யோட 4-ஐ சேரு, 7 வழியா இணைகோடு, அது பிசி-யை தாண்டி நீட்டின கோட்டுலதான் விழும், அதனால பிசி-யையும் பிஏ-வையும் முன்னாடியே நீட்டி வச்சுக்கோ. கதிரை நல்லா நீளமா போடு, நிறைய பேர் ஏழாவது புள்ளிக்கு இடமில்லாம அழிச்சு அழிச்சு வரையறாங்க.

கேள்வி: முக்கோணத்துக்கு ப-ப-ப போதும்னா நாற்கரத்துக்கு நாலு பக்கமும் சமமா இருந்தா போதாதா?
– ஒரு மாணவன், ராமநாதபுரம்

கடை வாசல்ல கொலாப்சிபிள் கேட் இருக்கும், இழுத்து மூடும்போது அதுல இருக்கற சாய்சதுரங்களைப் பாரு. பட்டை நீளம் மாறவே இல்ல, நாலு பக்கமும் அதேதான், ஆனா மூட மூட கோணம் மாறிக்கிட்டே போகுது. ஒவ்வொரு நிலையிலயும் வேற வேற சாய்சதுரம். குறுக்கால ஒரு கம்பியை வெல்டிங் பண்ணிட்டா ரெண்டு முக்கோணம் ஆயிடும், கேட் அசையாது. கரண்ட் டவர், சைக்கிள் ஃப்ரேம் எல்லாத்துலயும் முக்கோணமா இருக்கறதுக்கு காரணம் இந்த ப-ப-ப தான்.

கேள்வி: தென்னை மர உயரத்தை ஏறாம அளக்க நிழல் போதும்னு சொல்றாங்களே, நம்பலாமா? கோபுரத்துக்கும் அதே வழியா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

நம்பலாம். ஒரு மீட்டர் குச்சியை நேரா நட்டு வைங்க, நிழல் 60 செ.மீ.ன்னு வைங்க. அதே நேரத்துல மர நிழல் 5.4 மீட்டர்னா 5.4-ஐ 0.6-ஆல வகுத்தா 9 மீட்டர். குச்சியும் மரமும் தரைக்கு 90 டிகிரி, சூரியக் கதிர் ரெண்டுக்கும் ஒரே சாய்வுல வருது, ரெண்டு கோணம் சமம், கோ-கோ விதிப்படி வடிவொத்த முக்கோணம். மரம் சாஞ்சிருந்தாலோ தரை மேடு பள்ளமா இருந்தாலோ கணக்கு கெட்டுடும், தென்னையில சாஞ்ச மரம்தான் நிறைய, அதனால நேரான மரமா பாருங்க. குச்சியை அளந்துட்டு டீ குடிச்சுட்டு வந்து மரத்தை அளக்காதீங்க, அதுக்குள்ள நிழல் நகர்ந்துடும்.

கோபுரத்துக்கு ஒரு சின்ன மாத்தம் வேணும். உச்சி நடுவுல இருக்கு, நிழல் தொடங்கறதும் நடுவுல இருந்துதான், ஆனா நமக்கு சுவருக்கு வெளிய இருக்கற நிழல் மட்டும்தான் தெரியும். அடித்தளம் குறுக்கால 20 மீட்டர், சுவருக்கு வெளிய நிழல் 14 மீட்டர்னா, பாதி அடித்தளம் 10-ஐ சேத்து 24 மீட்டர். 0.6-ஆல வகுத்தா 40 மீட்டர். கிரேக்கத்துல தேல்ஸ் எகிப்து பிரமிடை நிழல் வச்சுத்தான் அளந்தார்னு சொல்லுவாங்க, அவருக்கும் இந்தப் பாதியை சேக்காம முடிஞ்சிருக்காது. சூரியன் மூலைவாட்டுல இருக்கும்போது இந்தப் பாதி கணக்கு பொருந்தாது, நிழல் சுவருக்கு செங்குத்தா விழற நேரமா பாத்து டேப்பை எடுத்துட்டுப் போங்க.